குதிரைக் காலணாவும் கத்திரிப்பூச் சாயமும்

எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து செல்வம் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவன். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதைப் பற்றிக் குறை சொல்லத்தான் கோச்சடை வரை வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு செம்புக் காசை எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல என் முன்னால் நீட்டினான்.

"தடிக்குதிரை சார்! முத வருசத்துக் காலணா. கண்காட்சியில வாங்குனேன். வெலையக் கேட்டா வீட்டுல சோறு கெடைக்காது."

"நல்லது. வயிறு குறையும்."

"நீங்க இதை எம்புட்டு பறிமுதல் பண்ணியிருப்பீங்க! ஒண்ணு ரெண்டு வீட்டுல ஒதுங்கியிருக்குமே சார்?"

கேட்டுவிட்டு அலமாரிப் பக்கம் கண்ணை ஓட்டினான். அரசாங்கத்தில் எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் வீட்டில் கனமாக ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது பொதுமக்களின் நம்பிக்கை. இந்த வீட்டில் கனமாக இருப்பது நான் ஒருவன்தான். ஆனால் பையன் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. குதிரைக் காலணாவுக்கும் எங்கள் துறைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் பாதியில் காப்பி குடிக்க எழுந்துபோனான். நீங்கள் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் இருக்கும் எடைக்கல், தராசு, படி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துவது. இல்லாவிட்டால் பறித்துக்கொண்டு வருவது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, மனிதன் எத்தனை விதமாக ஏமாற்றுவான் என்பதைத்தான். கல்லின் அடியைக் குடைந்திருப்பான். தட்டின் கீழே புளியை ஒட்டியிருப்பான். எதுவும் இல்லாவிட்டால் சுண்டுவிரலை வைத்திருப்பான். பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது பெற்ற அப்பாவைக்கூடத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு வணங்கும் மனநிலையில் இருந்தேன். அந்த அறிவோடு மதுரைக்கு வந்து ஜெபமணி சாரின் கீழே சேர்ந்தேன்.

ஜெபமணி சார் மிஷன் பள்ளிக்கூடத்து வார்ப்பு. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். சோதனைக்குப் போகும் கடையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தோள்பையில் சொந்தமாக ஒரு பாட்டில் தண்ணீர் வரும். மற்ற அதிகாரிகள் கடைக்குள் நுழையும்போது அதட்டுவார்கள். இவர் கும்பிடுவார். "வணக்கம் ஐயா. உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி ஆகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறோம்" என்பார். கடைக்காரருக்கு நடுங்கும். அதட்டுகிற அதிகாரியை ஒரு சோடாவில் சமாளிக்கலாம். கும்பிடுகிற அதிகாரியை என்ன செய்வது?

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. பழைய காசு. அதிலும் எல்லாக் காசும் இல்லை, செம்புக் காலணா மட்டும். சோழன் பாண்டியன் காசெல்லாம் பணக்காரச் சங்கதி, நம் சம்பளத்துக்குக் காலணாதான் கட்டுப்படியாகும் என்பார்.

ஒருமுறை சமயநல்லூர்ப் பக்கம் சோதனை முடித்துப் பேருந்தில் வரும்போது, ஜன்னலோரம் என்னை நெருக்கி உட்கார்ந்துகொண்டு காலணாவின் வரலாற்றைச் சொன்னார். நான் இறங்கி ஓட வழியில்லாத இடம் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

"முன்னால் காலணாவில் ராஜாவின் தலை இருந்தது. யுத்தம் வந்தது, செம்புக்குத் தட்டுப்பாடு. என்ன செய்தான் வெள்ளைக்காரன்? காசின் நடுவில் ஓட்டையைப் போட்டுவிட்டான். ராஜாவின் தலையும் போயிற்று."

"செம்பு மிச்சம் சார்."

"ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆணிக்கு வாஷராகப் போட்டார்கள். பிள்ளையின் அரைஞாணில் கோத்தார்கள். ஓட்டை இருக்கிற பணத்துக்கு என்ன மரியாதை? அப்புறம் நாம் குடியரசு ஆனோம். முதல் காலணா வந்தது. ஒரு பக்கம் சிங்கத் தூண். மறுபக்கம் குதிரை. ஓட்டை கிடையாது. முழுக் காசு! அதுவும் முதல் வருடத்துக் குதிரை நல்ல தடிமன். அடுத்தடுத்த வருடங்களில் மெலிந்துவிட்டது."

"நம்ம இன்கிரிமெண்ட் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஆல்பத்தில் ராஜா தலைக் காலணா இருந்தது, ஓட்டைக் காலணா இருந்தது, மெலிந்த குதிரைகள் இருந்தன. தடிக்குதிரைக்கு என்று விட்ட குழி மட்டும் காலியாக இருந்தது. அங்கங்கே கண்ணில் பட்டதெல்லாம் தேய்ந்து குதிரையா கழுதையா என்று தெரியாதவை. புதுக்கருக்கு மாறாத ஒன்று வேண்டும், அதையும் நேர்மையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவருடைய விரதம்.

நயா பைசா வந்ததும் காலணா செல்லாமல் போனது. ஏறக்குறைய அதே சமயத்தில் கிலோ வந்தது; சேர், பலம் என்ற பழைய எடைகள் போயின. இப்படி ஒரே நேரத்தில் வேலையிழந்த காசும் பழைய கல்லை இழந்த கடைக்காரர்களும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். அரசாங்க வேலை போன காலணா, தனியாரிடம் எடைக்கல்லாக வேலைக்குச் சேர்ந்துவிட்டது. ஊரில் புகையிலைக்கும் மருந்துச் சரக்குக்கும் அதுதான் கல். இது சட்டப்படி குற்றம். குற்றத்தைப் பிடிக்க அரசாங்கம் எங்களை வைத்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு முந்தின மாதம், செல்லூரில் அப்படி ஒரு குற்றத்தைப் பிடித்தோம்.

செல்லூர்ச் சந்துக்குள் மொக்கைச்சாமி என்பவர் சாயப்பட்டறை வைத்திருந்தார். நெசவாளர்கள் கொண்டுவரும் நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பது தொழில். முழங்கை வரை நீலம், பேச்சு எட்டு வீட்டுக்குக் கேட்கும். சாயத்தூளைக் கைத்தராசில் நிறுத்துப் போடுவது அவர் மனைவி பொன்னுத்தாய். தராசின் தட்டில் எங்கள் துறையின் முத்திரை குத்திய கல் ஒன்றுகூட இல்லை. குதிரைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பட்டறையில் கூலியே குதிரைக் கணக்கில்தான். "மூணு குதிரை நீலம், ரெண்டு குதிரை சேப்பு, கத்திரிப்பூக் கலரு. ஒரு குதிரைக்கு இம்புட்டு கூலி" என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் எங்கள் எதிரிலேயே பேசி முடித்தார் மொக்கைச்சாமி. சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

ஜெபமணி சார் கும்பிட்டார். "ஐயா, இவை முத்திரையிடப்படாத எடைகள். எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

"முத்திரை இல்லையா? என்ன சார் இப்பிடிச் சொல்றீக? இந்தா, சிங்கம் நிக்குதே! அரசாங்கத்துச் சிங்கம்!"

"அது காசுக்கு இட்ட முத்திரை. எடைக்கு இட்ட முத்திரை அல்ல."

"அப்ப காசா எடுத்துக்கிட்டு எனக்குச் சில்லறை குடுங்க."

"காசாக அது செல்லாது."

"காசும் இல்ல, கல்லும் இல்ல. பெறகு என்னத்துக்கு சார் அதத் தூக்கிட்டுப் போறீக?"

எங்கள் துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதனால் நான் பறிமுதல் மகஜரை எழுத ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜெபமணி சார் பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். தடிக்குதிரை. பிடரி மயிர்கூடத் தேயவில்லை. பல கைக்கு மாறாமல், சாயத்தூளோடு மட்டுமே பழகி, அப்படியே இருந்திருக்கிறது. அதைக் கீழே வைக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்புவதைப் பார்த்தேன்.

மொக்கைச்சாமியும் பார்த்துவிட்டார். தொழில்காரர் அல்லவா! "புடிச்சிருந்தா அதை வச்சுக்கங்க சார். மிச்சத்தைக் குடுத்துட்டுப் போங்க."

ஜெபமணி சாரின் முகம் அரக்குச் சாயத்தில் முக்கியெடுத்ததுபோல் ஆனது. "எழுதுங்கள்" என்றார் என்னிடம். "அனைத்தையும் எழுதுங்கள்." குதிரைகள் அனைத்தும் கைக்குட்டையில் முடியப்பட்டு எங்களோடு வந்தன.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அலுவலக வாசலில் பியூன் தடுக்கத் தடுக்க மொக்கைச்சாமி உள்ளே வந்தார். பின்னால் பொன்னுத்தாய். மொக்கைச்சாமி தன் கையில் இருந்த ஈர நூல் சிட்டத்தை ஜெபமணி சாரின் மேசைமேல் பொத்தென்று போட்டார். கோப்புகளெல்லாம் ஊதா ஆயின.

"இது என்ன கலரு சார்?"

"வந்து… சிவந்த ஊதா?"

"கத்திரிப்பூ சார்! கத்திரிப்பூவா வந்திருக்கணும். பாருங்க, சீக்குக்காரன் கண்ணு மாதிரி செவந்து வந்திருக்கு!"

விஷயம் இதுதான். கீழமாசி வீதி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்குக் கத்திரிப்பூ நிறத்தில் புடவைகள் கேட்டிருந்தார். பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, மொக்கைச்சாமி சாயம் ஏற்றிக் கொடுத்து, அது தறிகளில் ஏறிவிட்டது. குறுக்கே போகும் ஊடை நூலுக்கு ஏற்றுவதற்குள் நாங்கள் கும்பிட்டுக்கொண்டு போய்விட்டோம். அவரும் அக்கம்பக்கத்தில் வேறு குதிரைகளை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்திருக்கிறார். பாவும் ஊடையும் ஒட்டவில்லை. தறிகள் நிற்கின்றன. ஜவுளிக்கடைக்காரரோ, இந்த லாட்டு கெட்டால் இனிமேல் எல்லா நூலையும் பெரிய சாய ஆலைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"அவரு ஒருத்தரை நம்பித்தான் சார் பட்டறை ஓடுது. அவரும் போனா தொட்டியக் கவுத்திப் போட்டுட்டு நான் உங்க ஆபீஸ்லதான் வந்து ஒக்காரணும். எடம் இருக்கா?"

இடம் இல்லை. எனக்கே ஆடுகிற நாற்காலிதான்.

ஜெபமணி சார் ஊதாக் கோப்புகளை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். பெட்டியைத் திறந்து குதிரைகளை எடுத்துவந்து வெள்ளைத் தாளில் பரப்பினார்.

"மூன்று குதிரை நீலம் என்றீர்கள். எந்த மூன்று?"

"குதிரைன்னா குதிரைதான் சார். அதுல என்ன ஆம்பளக் குதிரை பொம்பளக் குதிரை?"

"இங்கே தடியும் இருக்கிறது, மெலிந்ததும் இருக்கிறது. இரண்டும் ஒரே எடை இல்லை. இரவல் வாங்கினவை எல்லாம் மெலிந்தவையாக இருந்திருக்கும்."

மொக்கைச்சாமி குனிந்து காசுகளை உற்றுப் பார்த்தார். அத்தனை வருடம் குதிரைக் கணக்குப் பேசியவர் ஒருநாளும் குதிரையைப் பார்த்ததில்லை. பொன்னுத்தாய் முன்னால் வந்து காசுகளை இரண்டாக ஒதுக்கினார்.

"நீலத்துக்குத் தடிக்குதிரை. சேப்புக்கு எளச்ச குதிரை. இவருக்கு என்ன தெரியும்? கிண்டத் தெரியும், பேசத் தெரியும்."

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?"

அப்புறம் நடந்ததை நான் என் சர்வீஸில் வேறு எந்த வழக்கிலும் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துல்லியத் தராசு உண்டு. மூச்சு விட்டால் முள் ஆடும். வருடத்தில் சில நாள் மட்டுமே திறப்போம்; மற்ற நாளெல்லாம் அதற்கு நாங்கள் காவல். ஜெபமணி சார் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மொக்கைச்சாமியைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு காசையும் இடுக்கியால் எடுத்து வைத்து, எதிர்த்தட்டில் பித்தளைக் கல், அதற்குமேல் கற்பூர வில்லையைவிட மெல்லிய தகட்டு எடைகள் என்று ஏற்றி, முள் நடுவுக்கு வரும்வரை வேர்வையோடு காத்திருந்தார். ஒரே தடிக்குதிரைகள்தான், ஆனால் பட்டறைக்கு வருமுன் கைமாறித் தேய்ந்ததில் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. பிடரி தேயாத அந்த ஒன்றை வைத்தபோது மட்டும் முள் நின்ற பிறகும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடை தெரிந்துவிட்டது. அதற்குச் சமமான சட்டபூர்வமான கல்லை வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். அதிகப் படிப்பு இப்படித்தான் பேசவைக்கும். கடையில் கிடைக்கும் பித்தளைக் கற்களில் மிகச் சிறியது ஒரு கிராம். குதிரையின் எடையோ கிராமுக்கு அடங்காமல் மிச்சம் வைத்தது. மிச்சத்துக்குத் தகட்டு எடைகள் வேண்டும். ஈரமும் தூளும் பறக்கிற பட்டறையில் தகட்டை வைத்தால், முதல் நாளே சாயத்தோடு சேர்ந்து நூலில் ஏறிவிடும்.

"கத்திரிப்பூவுல ஜரிகை போட்ட மாதிரி இருக்கும்" என்றார் மொக்கைச்சாமி.

"அந்தக் குதிரையவே குடுத்துடுங்க சார்" என்றார் பொன்னுத்தாய்.

"அம்மா, பறிமுதல் செய்த எடையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை." சொல்லிவிட்டு ஜெபமணி சார் விதிப்புத்தகத்தை எடுத்தார். அவர் அதைப் புரட்டுவது வேதம் புரட்டுவதுபோல இருக்கும். நடுவில் ஒரு நாடாகூடத் தொங்கும். வெகுநேரம் படித்தார். பிறகு மெதுவாக மூடினார். முகத்தில் வெளிச்சம் இல்லை. வழி கண்டுபிடித்துவிட்டார் என்று அதிலேயே எனக்குத் தெரிந்தது.

வழி இது: அபராதம் கட்டி முடித்துக்கொண்டால், தவறான எடையை இனி எடையாகப் பயன்படுத்த முடியாதபடி சிதைத்து, உலோகமாக உரியவரிடம் ஒப்படைக்கலாம். சிதைக்கும் முறை, ஊடுருவி ஓட்டை போடுவது.

"இவை எல்லாவற்றுக்குமா சார்?" என்றேன்.

"எல்லாவற்றுக்கும்."

"அந்த ஒண்ணு…?"

"விதியில் 'அந்த ஒன்று' என்று ஏதும் இல்லை."

காசு சேர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை விழுந்த காசு ஆல்பத்துக்கு ஆகாது. பழைய இரும்போடு போட வேண்டியதுதான். மறுநாள் சிம்மக்கல்லில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். லேத்காரர் வழக்கமாக எங்கள் கல்லுக்கெல்லாம் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை போடுவார். சிதைத்தது நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஒரு கலைநோக்கு. ஜெபமணி சார் அவரைத் தடுத்தார்.

"உங்களிடம் இருப்பதிலேயே மெல்லிய ஊசி எது?"

"சார், அது கடிகார வேலைக்கு. கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அதுதான் வேண்டும். ஓட்டை என்றுதான் விதி சொல்கிறது. எவ்வளவு பெரியது என்று சொல்லவில்லை."

ஒவ்வொன்றாகத் துளை விழுந்தது. சாட்சிக்கு நான் நிற்க வேண்டும், நின்றேன். பிடரி தேயாத குதிரை கடைசியாக வந்தது. ஜெபமணி சார் கையைக் கழுவி, விளிம்பில் பிடித்து, அவரே ஊசியின் கீழே வைத்தார். குதிரையின் மேல் விழாமல், காலுக்குக் கீழே வெற்றிடத்தில் துளை விழும்படி திருப்பித் திருப்பி வைத்தார். ஊசி இறங்கியபோது சிம்மக்கல் போக்குவரத்தை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரன் யுத்தத்துக்காக ஓட்டை போட்டான். நாம் சுதந்திரம் வாங்கி, குடியரசாகி, ஓட்டையை அடைத்து, குதிரையை ஓடவிட்டு, பிறகு ஒரு துறை அமைத்து, சம்பளம் கொடுத்து, அந்தக் குதிரைக்கும் ஓட்டை போட்டோம். காலணாவின் வரலாறு இதோடு பூர்த்தியாகிறது.

மொக்கைச்சாமி அபராதம் கட்டி, துளை விழுந்த குதிரைகளை வாங்கிப்போனார். தீபாவளிக்குச் செல்லூர்த் தறிகள் ஓடின. ஜவுளிக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் கத்திரிப்பூப் புடவைகள் தொங்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாவு எது, ஊடை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்படி ஒட்டியது என்று யாரும் எங்களிடம் வந்து சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் முத்திரைச் சோதனைக்குப் போனோம். பட்டறையில் புத்தம்புதுப் பித்தளைக் கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கொத்துக் கதம்பம். ஆயுத பூஜைக்கு வைத்தது, அதற்கப்புறம் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. பொன்னுத்தாயின் தராசில் குதிரைகள் இருந்தன. ஒவ்வொரு துளையிலும் ஒரு நூல் முடிச்சு. ஊசி தின்ற செம்புக்கு ஈடாக, பழைய எடை வரும்வரை நூலைச் சுற்றி முடிந்திருந்தார். கத்திரிப்பூ நிற நூல்.

நான் மகஜர் தாளை எடுத்தேன். ஜெபமணி சார் என் கையைப் பிடித்தார்.

"அதில் ஓட்டை இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"யார் போட்டது?"

"நாமதான் சார்."

"விதிப்படி சிதைக்கப்பட்ட பொருள் எடைக்கல் ஆகாது. எடைக்கல் அல்லாததைப் பறிமுதல் செய்ய நமக்கு என்ன அதிகாரம்? தாளை உள்ளே வையுங்கள்."

சொல்லிவிட்டுத் தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். கையைக் கழுவினார், துடைத்தார். தட்டிலிருந்து ஒரு காசை விளிம்பில் பிடித்து, முடிச்சு அவிழாமல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிடரி அப்படியே இருந்தது. பார்த்து முடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வருகிறோம் ஐயா" என்று கும்பிட்டுத் தெருவில் இறங்கினார்.

மொக்கைச்சாமி தொட்டியில் கோலை ஊன்றிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தார். தணிந்த குரலில்தான் பேசுவதாக நினைத்திருப்பார். சந்து முழுக்கக் கேட்டது.

"ஏன்டி, மனுசன் இம்புட்டு ஆசையாப் பாத்துட்டுப் போறாரே. அந்த ஒண்ணை அவருக்கே குடுத்துட்டா என்ன?"

"குடுத்துட்டு நீலத்துக்கு எங்க போறது?" என்றார் பொன்னுத்தாய். "பேசாமக் கிண்டு."